அத்தியாவசியம் என்பது யாது? – பெருந்தொற்றுக்கால மலையக வாழ்வை முன்னிறுத்தி ஓர் அறவியல் நோக்கு

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. பயணிகளை ஏற்றிவரும் விமானங்களுக்கும் நாடு கதவடைத்திருந்தது. பதுளை மாவட்டத்தில், சுற்றுலாப் பயணிகளை நம்பி வளர்ந்த எல்ல என்னும் சிறு நகரின் வீதி வெறிச்சோடியது. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் வந்துசென்ற நாட்டுக்கு 2020 முழுவதிலும் ஏறத்தாழ 5 இலட்சம் பேரே வந்தனர். அவருள்ளும் ஏறக்குறைய அனைவரும் முதல் மூன்று மாதங்களில் வந்தவர்களே. ஆயின் நகரைச் சூழ்ந்த மலைகளில் நிலைமை வேறாயிருந்தது. ஊரடங்கு வேளையிலும் பெருந்தோட்டத் தொழில் நடைபெறலாம் என அரசு விலக்களித்தது. பிரட்டுக் களத்திற் கூடிப் பின் கூடையுடன் மலையேறும் பெண்களின் காலை நடை அந்நாட்களிலும் தொடர்ந்தது.

இவ்விலக்கின் பொருளியல் நியாயத்தை எவரும் மறுக்கப்போவதில்லை. கொழுந்து காத்திராது, உரிய நாளிற் பறிக்காவிடின் முற்றிவிடும். தொழிலாளியின் நாட்கூலியும் அவ்வாறே, பறித்தால் உண்டு, பறியாவிடின் இல்லை. வேலை நின்றிருந்தால் அதன் முதற் சுமை லயத்து அடுப்பின் மீதே விழுந்திருக்கும். எனவே விலக்களித்தது பிழை என்பது இங்கு வாதமன்று. ஆயினும் அவ்விலக்கின் உள்ளே ஓர் அறவியல் வினா பொதிந்துள்ளது. ஒரே பெண், ஒரே மலைப்பாதை. காலையிற் கூடையுடன் அவள் அவ்வழியே நடந்தால் அது அத்தியாவசியம். மாலையில் அதே வழியே நடந்து, அடுத்த தோட்டத்தில் வாழும் தன் அக்காளைக் கண்டு ஒரு வாய் தேநீர் குடித்துத் திரும்பினால் அது அத்தியாவசியமற்றது. நோய் பரவும் வாய்ப்பைக் கொண்டு மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க இயலுமா? நிரைபிடித்துக் கொழுந்து பறிக்கையில் ஒருவருக்கொருவர் இடைவெளி இயல்பாகவே அமையும் என்பது மெய். ஆயின் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நெருங்கி நில்லாமல் எவரும் நிறுத்ததில்லை. ஆகவே அத்தியாவசியம் என்ற சொல் நோயை மட்டும் அளந்து பிறந்த சொல்லன்று. மனித வாழ்வில் எது தேவை, எது மிகை என்ற ஒரு தீர்ப்பும் அதனுள் அடங்கியிருந்தது.

பிறருக்குத் தீங்கு விளையும் இடத்தில் ஒருவனது சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது 1859இல் ஜோன் ஸ்டுவர்ட் மில் வகுத்த புகழ்பெற்ற விதி. தொற்றுநோய்க் காலத்துக்கு இவ்விதி மிகப் பொருந்தும். அக்காளைக் காணச் செல்லும் தங்கை தன்னையறியாமலே அவ்வீட்டு முதியவரின் உயிருக்கு ஊறு செய்தல் கூடும். ஆதலாற் கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் மில்லின் விதி கூறுவது ‘தீங்கு விளையுமாயின் தடுக்கலாம்’ என்பதைத்தான். தடுக்கப்பட்டது தேவையற்ற பொருள் என்று அது கூறவில்லை. ஒரு தேவையை வேறொரு பெருந்தேவைக்காகச் சிலகாலம் ஒத்திவைத்தல் ஒன்று. அதனைத் தேவையே அன்று எனப் பெயரிட்டு ஒதுக்குதல் பிறிதொன்று. முன்னதில் இழப்பு இழப்பாகவே ஏற்கப்படுகிறது. பின்னதில் இழந்தவருக்கு இழந்தோம் என்று கூறும் உரிமையும் இல்லாமற் போகிறது.

மலையகத்துச் சிறு பயணங்கள் எத்தகையன என்பதை அறியாதவருக்கு இவ்வாதம் மிகையாகத் தோன்றலாம். மாதத்திற் பத்தாம் திகதியளவிற் சம்பளம் போடப்படும். அதனை அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பட்டணம் போகும் நாள். எல்லவை அண்டிய தோட்டங்களிலிருந்து பண்டாரவளைக்கோ பதுளைக்கோ செல்வர். கடையிற் கணக்குத் தீர்ப்பதும் அரிசி, மா, கருவாடு வாங்குவதும் அப்பயணத்தின் காரணங்கள். ஆனால் அதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. ஆறு நாளும் கொழுந்துக்கூடையின் கயிறு அழுத்திய தலையில் அன்று பூ ஏறும். பெட்டியின் அடியில் கிடந்த சேலை வெளிவரும். தேநீர்க்கடையிற் பிள்ளைகளுக்குப் பணிஸும் பெரியவர்களுக்குப் பிளேன்டீயும் வாங்கி ஒரே மேசையைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் அமரும். அவ்வாறு அமர்தற்கு ஒரு மேசை பல லயக் காம்பராக்களில் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் வேறு தோட்டத்து உறவினரைக் கண்டு, யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு வரன் பார்க்கிறார்கள் என்பன பேசப்படும். திருமணப் பேச்சுகள் பல தரிப்பிடத்தில் தொடங்குவன என்றால் அது விளையாட்டுக்காகக் கூறப்படுவதன்று. இதுபோன்றே இராவணன் எல்ல நீர்வீழ்ச்சிக்குப் போய்க் கால் நனைத்து வருதலும், தெமோதரைக்குச் செல்லும் பாதையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தருகே நின்று புகையிரதம் பார்த்தலும், கோயில் திருவிழாவுக்கு அடுத்த தோட்டம் போதலும். செலவு சொற்பம், நேரம் அரைநாள். ஆயினும் அந்த அரைநாளில் தொழிலாளி என்ற பெயர் நீங்கி, அம்மாவாகவும் சித்தியாகவும் மாமனாகவும் மச்சானாகவும் அவர்கள் இருக்கின்றனர்.

உழைப்பு ஓய்வின் பொருட்டே என்ற கருத்தைப் பண்டைக் கிரேக்கத்தில் அரிஸ்டோட்டில் முன்வைத்தார். ஓய்வு என்பது அவருக்கு உறக்கமோ சோம்பலோ அன்று. மனிதன் தன் மனிதத் தன்மையை முழுமையாகச் செயற்படுத்தும் நேரம் அது. அவர் கருத்திற் கொண்டவன் அடிமைகளின் உழைப்பின் மீது நின்ற நகர அரசின் குடிமகன் என்பதையும் மறத்தலாகாது. ஒருவருக்கு ஓய்வு, வேறொருவருக்கு உழைப்பு என்ற அப்பங்கீடு அவருடைய காலத்தோடு முடிந்துவிடவில்லை.

2020 பெப்ரவரியிலேயே இத்தாலிய மெய்யியலாளர் ஜோர்ஜியோ அகம்பன் இக்கட்டுப்பாடுகளைக் கண்டித்து எழுதினார். உயிர் பிழைத்திருத்தல் என்பதைத் தவிர வேறெதனையும் போற்றாத சமூகமாக நாம் மாறிவிட்டோம், மனிதன் வெற்றுயிராகக் குறுக்கப்பட்டுவிட்டான் என்பது அவரது கவலை. நோயின் கொடுமையை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று எழுந்த கண்டனம் சரியானதே. எனினும் அவருடைய கூற்றிலுள்ள வேறொரு குறை ஊவா மலைகளிலிருந்து நோக்குமிடத்துத்தான் புலனாகிறது. நகரத்து நடுத்தர வகுப்பினன் ஒருவேளை வெற்றுயிராகக் குறுக்கப்பட்டிருக்கலாம். அவன் வீட்டில் இருந்தான், உயிரோடு இருப்பதே அவன் கடமையாயிற்று. தோட்டத் தொழிலாளியோ வெற்றுழைப்பாகக் குறுக்கப்பட்டாள். அவளுடைய கைகளுக்கு ஊரடங்கு இல்லை. மற்றவை அனைத்துக்கும் இருந்தது. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் முதன்முறையாகக் கணினித் திரைக்கு மாறியது. வாங்குபவர் வீட்டிலிருந்தவாறே விலை கூறலாயினர். அத்தேயிலையைப் பறித்தவருக்கு அவ்வாறானதொரு மாற்று வழி இருக்கவில்லை, இருத்தலும் இயலாது.

‘வீட்டில் இருங்கள்’ என்ற வேண்டுகோளையும் இங்கு நினைத்தல் தகும். அவ்வேண்டுகோள் உலகெங்கும் ஒரே குரலில் எழுந்தது. கேட்டவர்களின் வீடுகள் மட்டும் ஒன்றாயிருக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஆங்கிலேயர் காலத்திற் கட்டப்பட்ட லயக் காம்பராவில் மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழ்தல் அரிதன்று. அங்கு வீடு என்பது அறைக்குள் முடிவதன்று. இஸ்தோப்பும் வாசலும் பீலிக்கரையும் கோயில் முன்றிலும் சேர்ந்ததே வீடு. மாமியார் மருமகள் பிணக்குத் தணிவது பீலிக்கரையில். படிக்கும் பிள்ளைக்கு அமைதி கிடைப்பது வாசற்படியில். அறைக்குள் அடங்குங்கள் என்பது அக்குடும்பத்தை வீட்டின் ஒரு மூலைக்குள் அடங்குங்கள் என்று கூறுவதற்கு ஒப்பாகும். ஒருவருக்கு நோய் கண்டால் அவரைத் தனி அறையில் வைக்கவேண்டும் என்ற அறிவுரை அங்கு எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நடமாட்டத்துக்கு அனுமதி பெறுதல் இம்மக்களுக்குப் புதிதன்று. இவர்களுடைய முன்னோர் பலர் இலங்கைக்கு வருமுன் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தடுத்து வைக்கப்பட்டே கப்பலேறினர். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதற்கு முன்னைய துரையின் கடன் விடுவிப்புச் சீட்டான ‘துண்டு’ வேண்டியிருந்தது. 1921இலேயே அம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இன்று பயணிகள் படமெடுத்து மகிழும் ஒன்பது வளைவுப் பாலமும் அதே ஆண்டில் முடிவுற்றதாகக் கூறுவர். பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; அக்குறை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. 2020 ஏப்ரலில், தேசிய அடையாள அட்டையின் இறுதி இலக்கத்தைக் கொண்டே வெளியிற் செல்லும் நாள் தீர்மானிக்கப்படும், ஒரு வீட்டிலிருந்து ஒருவரே செல்லலாம் என அறிவிக்கப்பட்டது. திங்களில் ஒன்று, இரண்டு. செவ்வாயில் மூன்று, நான்கு. இவ்வாறே வெள்ளி வரை. விதி அனைவருக்கும் பொதுவானது, எளியது, நேர்மையானதுங்கூட. ஆனால் அட்டையின் இலக்கம் என்பது எல்லார் வாழ்விலும் ஒரே எடையுள்ளதன்று. அவ்வெண்ணைப் பெறுவதற்கே பாதி ஆயுளைக் கழித்த பாட்டனார் ஒருவர், அதே எண் இன்று வெளியே போகாதே என்கிறது எனக் கேட்டுச் சிரித்திருந்தால் அச்சிரிப்பில் வியப்பில்லை.

அரசின் விதியை ஆராய்தல் எளிது. குடும்பத்துள் எழுந்த வினாவே கடினமானது. மலையகத்து இளைஞரும் யுவதியரும் கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் பெருந்தொகையாக வேலை செய்கின்றனர். தீபாவளிக்கு ஊர் திரும்புதல் அவர்களது ஆண்டின் ஒரே நீண்ட பயணம். 2020இல் தீபாவளி நவம்பர் 14ஆம் திகதி வந்தது. அவ்வேளை இரண்டாம் அலை மேல் மாகாணத்தைப் பற்றியிருந்தது. நவம்பர் 11 நள்ளிரவு தொடக்கம் 15 வரை மேல் மாகாணத்தை விட்டு வெளியேறுதல் தடைசெய்யப்பட்டது. தடைக்கு முன்னரே புறப்பட்டுவிடலாமா என்பது பல இளைஞர் முன் நின்ற வினா. ஊருக்கு வராதே என்று மகனிடம் தொலைபேசியிற் சொல்லவேண்டிய தாயின் நிலை சட்டத்தால் தீர்க்கப்படுவதன்று. வா என்றால் காம்பராவில் இருமிக்கொண்டிருக்கும் மாமனாருக்கு ஆபத்து. வராதே என்றால் வேலையற்று, வாடகைக்கு எடுத்த அறையிற் பட்டினி கிடக்கக்கூடும் மகனுக்கு ஆபத்து. இரண்டு பக்கமும் அன்பே நின்றது. இவ்விடத்தில் எத்தாயும் தீபாவளிக்கு வருதல் அத்தியாவசியமற்றது என்று மகனிடம் கூறியிருக்கமாட்டாள். ‘அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்வோம் தம்பி’ என்றே கூறியிருப்பாள். மில்லின் விதியையும் அரிஸ்டோட்டிலின் ஓய்வையும் ஒருங்கே அறிந்த கூற்று அது. தடுக்க வேண்டியதைத் தடுத்தது. தடுக்கப்பட்டதன் பெறுமதியையும் குறைக்கவில்லை. அரசின் மொழிக்கு இயலாத நேர்மை அத்தாயின் மொழிக்கு இயன்றது.

அரசின் மொழி தாயின் மொழியாக இருத்தல் வேண்டும் என எதிர்பார்த்தல் பேதைமை எனச் சிலர் கூறலாம். வர்த்தமானி அறிவித்தலில் அன்பைத் தேடுவதற்கில்லை என்பது உண்மையே. ஆயினும் சொல்லின் பிழை சொல்லோடு நிற்பதில்லை. 2020 ஜூன் இறுதியில் ஊரடங்கு முற்றாக நீங்கியதும் உள்நாட்டுச் சுற்றுலாவை ஊக்குவிக்குமாறு குரல்கள் எழுந்தன. மாதக்கணக்கில் வீட்டுள் அடைபட்டோர்க்கு மலைக்காற்று மனநலம் தரும் என்று கூறப்பட்டது. எல்லவின் விடுதிகளுக்குத் தலைநகரத்துக் குடும்பங்கள் வரத் தொடங்கின. சின்னச் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் பாதை தேயிலை மலைகளின் ஊடாகவே போகிறது. அப்பாதையில் நடந்து பச்சைப் பசேலென்ற நிரைகளுள் நின்று படமெடுத்துக்கொண்டோருக்கு அந்த உலா ஒரு தேவையாக இருந்தது. அதனை எவரும் மறுக்கவும் வேண்டியதில்லை. அதே நிரைகளுள் குனிந்து நின்றோருக்கும் அடைபட்ட மாதங்கள் இருந்தன என்பது அப்போது பேசப்படவில்லை. நகரத்தவனின் உலா மனநலம் ஆயிற்று. தோட்டத்தவளின் பட்டணப் பயணம் கூட்டம் கூடுதல் ஆயிற்று.

பிள்ளைகள் இதற்குத் தாமே ஒரு வழி கண்டனர். பாடங்கள் கையடக்கத் தொலைபேசி வழியே நடைபெற்ற 2021இல், ஊவாவின் சிற்றூர்களில் மாணவர் பாறை உச்சிகளுக்கும் மரங்களுக்கும் ஏறி அலைவரிசை தேடிய செய்திகள் வெளிவந்தன. கல்வி வாய்ப்பின் சமமின்மைக்கு அது வெட்கத்துக்குரிய சான்று. ஆயின் ஒன்றும் அறியாதவர்போற் பாறையேறிய அப்பிள்ளைகள் பாடத்துக்காக மட்டுமே ஏறினரா என்ற ஐயமும் எழாமலில்லை. மேலே காற்று இருந்தது, வேறு லயத்துத் தோழர் இருந்தனர், ‘படிக்கப் போகிறோம்’ என்ற மறுக்கவியலாத காரணமும் இருந்தது. உலாவுக்கு அத்தியாவசியத்தின் சட்டையை மாட்டிவிடும் கலையை அவர்கள் பெரியோரிடம் கற்றிருக்க வேண்டும்.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் முதலாம் திகதி இறுதி ஊரடங்கும் நீங்கியது. அதன்பின் வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவாயிற்று. அப்போதும் நாட்சம்பளம் அதே 1,000 ரூபாதான். நால்வர் கொண்ட குடும்பம் பண்டாரவளைக்குப் போய்த் திரும்புவதற்குரிய கணக்கைச் சம்பள ஞாயிறன்று போட்டுப் பார்த்து, ஒருவர் மட்டும் போய்ச் சாமான் வாங்கி வந்தாற் போதும் என்று முடிவு செய்த வீடுகள் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒருவர் என்ற விதியை இம்முறை எவரும் அறிவிக்கவில்லை. பூவும் பணிஸும் பஸ் தரிப்பிடத்துப் பேச்சும் அக்கணக்கில் முதலிற் கழிக்கப்பட்டன.