தறிக்குத் திரும்பும் தாய்



கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் தலைமுறை தலைமுறையாகத் தறியோசை கேட்கிறது. நூல் சுற்றுவதிலும் நெய்வதிலும் நம் முஸ்லிம் சகோதரிகளின் உழைப்பு அங்கே பெரிது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையைச் சூறையாடியபோது வீடுகளோடு தறிகளும் அழிந்தன. ஆயினும் தறியோசை ஓயவில்லை.

பிள்ளைப்பேற்றின் பின்னும் பெருந்துயரின் பின்னும் வேலைக்குத் திரும்பும் பெண்ணை நாம் எப்படி வரவேற்கிறோம்? “இவளால் முன்போல் முடியுமா?” என்கிறார் முதலாளி. “பிள்ளையை யார் பார்ப்பது?” என்கிறார் கணவர்.

2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு 84 நாள் மகப்பேற்று விடுமுறை உண்டு. திரும்பி வந்தவளுக்குப் பிள்ளையின் ஒரு வயதுவரை பாலூட்ட நாளுக்கு இரு இடைவேளைகளும் உண்டு. வீட்டிலிருந்து கூலிக்கு நெய்பவளுக்கோ இப்பாதுகாப்பு எளிதில் எட்டுவதில்லை. சட்டம் எட்டாத இடத்தில் நம் மனச்சாட்சி எட்டவேண்டும்.

பழமொழி ஆகமத்தின் 31ஆம் அதிகாரம் நூல் நூற்கும் பெண்ணைப் புகழ்வதோடு நிற்கவில்லை. அவள் உழைப்பின் பலனை அவளுக்கே கொடுக்கும்படி கட்டளையிட்டு முடிகிறது. ஆகவே அது தருமமன்று, நீதி.

முதலாளிமாரே, தறியருகே ஓர் ஏணைக்கு இடம் விடுங்கள். கணவன்மாரே, அந்த ஏணையை நீங்களும் ஆட்டுங்கள்.