சீனர் முன்னோர் வழிபாடும் அதன்கண் எழும் ஓர் ஆசங்கையும்

வசந்தகாலத்துச் சமவிரவு நாள் கழிந்து பதினைந்து நாளளவில், ஏப்ரல் 4 அல்லது 5-ஆம் தேதியை ஒட்டி, சீனதேசத்தார் குடும்பத்தோடு தம் முன்னோர் சமாதிகளுக்குச் செல்வர். அந்நாள் சிங்மிங் எனப்படும். தெளிவும் ஒளியும் என்பது அதன் பொருள். சமாதி மேட்டில் முளைத்த புல்லைக் களைவர். மழையிற் கரைந்தவிடத்துப் புதுமண் இடுவர். கல்லிற் பொறித்த பெயரெழுத்துக்கள் மங்கியிருப்பின் மீள வண்ணந்தீட்டுவர். பின்னர் உணவும் மதுவும் படைத்து, நறும்புகைக் குச்சி ஏற்றி வணங்கி, காகிதத்தாற் செய்த பணத்தை எரிப்பர். தாங் மரபின் பேரரசர் சுவான்சுங் கி. பி. 732-ல், சிங்மிங்குக்குச் சற்று முன்வரும் தண்ணுணவு விழாவில் இவ்வழக்கத்தைச் செய்தற்கு அரசாணை வழங்கினர்.

இறந்தோர் இவற்றை அறிவரோ என்பது ஈண்டெழும் ஆசங்கை. இதனைப் புறத்தார் எழுப்பும்வரை அந்நாட்டார் காத்திருந்தாரல்லர். ஆவிகள் இல்லையென்று கொண்டு வேள்வியுங் கற்பது, விருந்தினரே இல்லாதான் விருந்தோம்பல் முறை பயில்வதை ஒக்கும் என்று மோ சி என்பார் கிறிஸ்துவுக்குப் பன்னூற்றாண்டு முன்னரே கடிந்தனர். அவருக்குப்பின் வந்த சுன் சி, பெரியோர் இதனை மக்கட்குரிய ஒழுக்கமென்று கொள்வர், பாமரர் ஆவிகட்குச் செய்யும் தொண்டென்று கொள்வர் என விடை தந்தனர்.

இவ்விடை நயமுடையதே, ஆயினும் நமக்கு அமைவதன்று. ஒரே சடங்கைச் செய்வோருள் ஒருசாரார் மெய்யறிந்தும் வாய்திறவாது நிற்ப, மற்றையோர் மயங்கிச் செய்வரேல், அம்மயக்கத்தின்மேலன்றோ ஒழுக்கம் நிலைபெறுகின்றது? மோ சியின் கடா சுன் சியின் விடைக்குப் பின்னும் அப்படியே நிற்கின்றது.

அதனை அசைத்தவர் மென்சியரே என்பது எம் கருத்து. மோ சியின் கொள்கையைத் தழுவிய ஈ சி என்பான் ஒருவன், எளிய அடக்கமே தக்கதென்று பிறர்க்குரைத்துத் தன் பெற்றோரை மட்டும் சிறப்புற அடக்கஞ்செய்தான். (கொள்கையுடையார்க்கெல்லாம் வீட்டில் இவ்வாறு ஒரு நாள் வந்தே தீரும்போலும்!) அவனுக்கு மென்சியர் கூறியது இது: அடக்கஞ்செய்யும் வழக்கமில்லாத பண்டை நாளில், பெற்றோர் உடலை ஒருவன் பள்ளத்தில் எறிந்தான். பின்னொருநாள் அவ்வழிச் சென்றவன், நரி தின்னவும் ஈ மொய்க்கவும் கண்டான். நெற்றி வியர்த்தது, நேரே பார்க்கலாற்றாது கண்ணைத் திருப்பினான். வியர்த்தது பிறர் காணும் பொருட்டன்று. வீடு சென்று கூடையும் மண்வெட்டியும் கொணர்ந்து மூடினான்.

இதன்கண் இறந்தோர் அறிவரோ என்னும் வினாவே எழவில்லை காண்க. தந்தையின் உடலைக் கல்லும் கட்டையும்போலக் கருதவியலாமையே அவனை மண்வெட்டி எடுப்பித்தது. ஆகலின் சிங்மிங் நாட்செயல்களை ஒன்றாகக் குழைத்தல் பொருந்தாது. புல்லைக் களைதலும் மண்ணிடுதலும் பெறுவோனை வேண்டாதன. மேடு திருந்தியது, அவ்வளவே. படையலும் எரிபணமுமோ பெறுவோன் ஒருவனை முன்னிட்டே நிற்பன; அவனுண்மை நாட்டப்படாதவழி மோ சிக்கு விடையிறுத்தல் அரிது. உரோமாபுரித் திருச்சபை 1704-ல் இம்முன்னோர் வழிபாட்டை விலக்கி, 1742-ல் அவ்விலக்கை வலியுறுத்தி, 1939-ல் குடிமை மரியாதையென்று இசைந்ததும் இவ்விரண்டையும் பிரித்துக்காணாக் குழப்பத்தாலேயாம்.

சீன அரசு இந்நாளை 2008 முதல் பொதுவிடுமுறை ஆக்கியுளது. அவ்வரசே 1956 முதல் எரியூட்டலை ஊக்கிவருகின்றது. பெருநகர்களில் சாம்பற்கலத்தைச் சுவர்மாடத்தில் வைப்பாரும், சாம்பலைக் கடலில் விடுவாரும் உளர். மாடத்தில் முளைக்கும் புல் இல்லை. கடலுக்கு இடும் மண் இல்லை. மண்வெட்டிக்கு வேலையின்றி, எக்கொள்கையும் வேண்டாது தானே நின்ற பகுதி நழுவ, கொள்கையின்றி நில்லாத படையலே அங்கு எஞ்சுகின்றது.