சுமையும் ஏற்றமும்: வடிவமைப்பின் அறம் பற்றிய ஒரு வினா

மலைப்பாதைகளில் ஏறுவதற்கெனச் செய்யப்படும் மின் துவிச்சக்கர வண்டிகள் இன்று உலகெங்கும் பெரிதும் பேசப்படுகின்றன. சந்தைக்கு வந்துவிட்ட வண்டிகள் ஒருபுறமிருக்க, வரைபடமாகவும் கண்காட்சி மாதிரியாகவும் மட்டுமே நிலவும் எண்ணக்கரு வண்டிகளும் பல உள. குடமும் கம்பிகளுமற்ற வளையச் சக்கரங்கள், சட்டத்தினுள்ளே மறைந்திருக்கும் மின்கலம், சங்கிலிக்குப் பதிலாகப் பட்டி, மிதிப்பவரின் கால்விசையை உணர்ந்து அதற்கேற்பக் கூடியும் குறைந்தும் உதவும் மோட்டர் என அவற்றின் புதுமைகள் விரிகின்றன. இவற்றைக் கண்டு வியப்பது எளிது. வியப்போடு நின்றுவிடாது, இவ்வடிவங்கள் எவருடைய தேவையிலிருந்து பிறக்கின்றன என வினவுவது பொறியியலாளர்க்கு மட்டுமன்றிக் கலைப்பீட மாணவர்க்கும் உரிய கடமையாகும். அவ்வினாவை நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் சரிவில் நின்று எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வண்டிக்கு இரு மூதாதையர் உளர். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் இளைஞர் சிலர் பழைய, கனத்த துவிச்சக்கர வண்டிகளைத் திருத்தி, மலைச்சரிவுகளில் விரைந்திறங்கி மகிழ்ந்தனர். மலைத் துவிச்சக்கர வண்டி அவ்விளையாட்டிலிருந்து வளர்ந்தது. 1993 இல் யப்பானின் யமஹா நிறுவனம் மிதித்தலுக்கு மின்விசை துணைசெய்யும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் மிதிக்க இடர்ப்படும் சாதாரண மக்களின் அன்றாடத் தேவையே அதன் தோற்றுவாய். ஒன்று விளையாட்டின் பிள்ளை. மற்றொன்று தேவையின் பிள்ளை. இரண்டும் இணைந்து பிறந்த மலை மின்வண்டியோ பெரிதும் விளையாட்டின் பக்கமே சாய்ந்துவிட்டது. எண்ணக்கரு ஓவியங்களில் வண்டியின் மேல் அமர்ந்திருப்பவர் எப்போதும் சுமையற்றவர், விரும்பி மலையேறுபவர்.

நம் மலையகத்தில் மலையேறுதல் விருப்பத்தின்பாற்பட்டதன்று. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்ட நாள் முதல், இச்சரிவுகளில் மனித உடலே முதன்மையான ஊர்தியாக இருந்து வந்துள்ளது. நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் பெண், தலையில் மாட்டிய கயிற்றில் கூடையையோ பையையோ முதுகில் தொங்கவிட்டு, மழையில் வழுக்கும் கற்படிகளில் ஏறியிறங்கி நிறுவைக்குச் செல்கிறாள். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் கொழுந்து கேட்கப்படுகிறது. அவ்வளவு தேறாவிடின் அரைப்பேர் என்னும் அச்சம் வேறு.

இச்சுமையைப் பௌதிகக் கணக்கில் நோக்குதல் பயனுடைத்து. 20 கிலோ எடையை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்றத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ 19,600 யூல். அதாவது ஐந்தரை வாட்மணிக்கும் சற்றுக் குறைவு. இக்கால மலை மின்வண்டி ஒன்றின் மின்கலம் 500 வாட்மணி கொள்ளக்கூடியது. வண்டியின் எடையையும் வழியில் வீணாகும் சக்தியையும் தாராளமாகச் சேர்த்துக் கணித்தாலும், அம்மின்கலத்தின் நூற்றில் ஐந்து பங்கு அளவே இதற்குப் போதும். எந்திரத்துக்கு அற்பமான இவ்வேலை, அவ்வுடலின் கழுத்தையும் முள்ளந்தண்டையும் முழங்காலையும் ஆண்டாண்டாகத் தேய்க்கின்றது. சக்தியின் பஞ்சத்தால் இத்துன்பம் நீடிக்கவில்லை என்பது இக்கணக்கால் தெளிவாகும். அவ்வாறாயின் பஞ்சம் எதில்? கவனத்தில் என்பதே நேர்மையான விடை.

இம்முடிவுக்குத் தோட்டங்களின் வரலாறே சான்று பகரும். சரிவுகளிலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்து மூட்டைகளை அனுப்புதற்கெனக் கம்பிப் பாதைகளைத் தோட்டத்துரைமார் முன்னரே அமைத்திருந்தனர். கசங்கிய கொழுந்து நல்ல தேயிலையாகாது. தாமதித்தால் தரம் குன்றும். ஆகவே கொழுந்தின் நலத்துக்காகச் சிந்திக்கப்பட்டது, பணமும் செலவிடப்பட்டது. கொழுந்து கம்பியில் பறந்தது. கொழுந்தைப் பறித்தவள் கல்லில் நடந்தாள். வடிவமைப்பு எதனை மதிப்புடையதெனக் கொள்கிறதோ அதனையே காக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். விளையாட்டும் அழகும் மனிதர்க்கு வேண்டியனவே. எல்லாப் படைப்பும் துயர் தீர்க்கவே பிறக்கவேண்டுமெனக் கூறுவது வறட்டுவாதமாகாதா? இம்மறுப்பில் உண்மையுண்டு. தோட்டத்துப் பிள்ளையும் பள்ளி விட்டதும் ஒரு வண்டியில் சரிவிலே பறந்திறங்க ஆசைப்படும். அவ்வாசையைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. விளையாட்டுக்கெனக் கண்டறியப்பட்டவை பின்னர் உழைப்புக்குத் துணையாவதும் உண்டு. ஆனால் அவை தாமே மலையிறங்கி வருவதில்லை. எவரேனும் கொணர்தல் வேண்டும். விக்டர் பப்பனெக் என்னும் வடிவமைப்பறிஞர் 1971 இல் வெளியிட்ட நூலில், வடிவமைப்பாளர் வசதி படைத்தோரின் ஆசைகளுக்கே பெரிதும் உழைத்து, பெரும்பான்மையோரின் தேவைகளைப் புறக்கணிப்பதைக் கடிந்தார். அரை நூற்றாண்டு கடந்தும் அக்குற்றச்சாட்டு பழையதாகிவிடவில்லை.

கொழுந்துப் பெண்ணை முதற்பயனாளியாகக் கொண்டால் எண்ணக்கரு வண்டியின் உருவமே மாறும். அது ஏறி ஓட்டுவதற்குரியதாக இருக்கவேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி 250 வாட் வரையிலான மோட்டர் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் வரை மிதிப்பவருக்கு உதவலாம். தள்ளிக்கொண்டு நடப்பவருக்கு மணிக்கு 6 கிலோமீற்றர் வரை உதவும் ஏற்பாடும் உண்டு. ஓட்டுநர் பெரிதாக மதியாத இவ்வேற்பாடே நமக்கு உயிர்நாடி. நிரைகளுக்கிடையே நுழையும் ஒடுங்கிய உடல், தாழ்ந்த சட்டம், மூட்டையைத் தாங்கும் தட்டு, மழைக்கு அஞ்சாத மின்கலம் என அமைந்து, பொதிகழுதைபோல் பக்கத்தில் நடந்துவரும் வண்டி அது. இறக்கத்தில் சக்கரத்தின் மோட்டரே தடையாகி மின்சாரத்தை ஓரளவு மீட்கலாம். மிதிகட்டையருகே மோட்டர் பொருத்தப்படும் மலைவண்டிகளில் பொதுவாக இது இயலாது. சக்கரத்தினுள் மோட்டர் அமைந்தால் இயலும். ஆகவே மோட்டரை எங்கே வைப்பது என்பதும் யாருக்காக என்ற வினாவுக்குக் கட்டுப்பட்டதே.

எனினும் கருவி வந்துவிட்டால் நீதி வந்துவிடும் என நம்புதல் பேதைமை. இதுவரை தோன்றிய எந்திரக் கண்டுபிடிப்புகள் எந்த மனிதனுடைய அன்றாட உழைப்பையேனும் குறைத்தனவா என்று 1848 ஆம் ஆண்டிலேயே ஜோன் ஸ்ருவார்ட் மில் ஐயுற்றார். சுமப்பதில் மிச்சமாகும் ஒருமணி நேரம் ஓய்வாக மாறுமா, அன்றி 18 கிலோவை 25 ஆக உயர்த்தக் காரணமாகுமா? இரண்டாவது நிகழுமாயின் முதுகின் வலி கைகளுக்கு இடம்பெயரும், அவ்வளவே. எனவே வடிவமைப்பின் அறத்தில் இரு பகுதிகள் உள்ளன. யாருடைய துன்பம் கணக்கிலெடுக்கப்படுகிறது என்பது ஒன்று. மீதமாகும் நேரமும் வலிமையும் யாருக்கு உரித்து என்பது மற்றொன்று. முதலாவதற்கு வரைபடத்தில் விடை காணலாம். இரண்டாவதற்குத் தொழிற்சங்கத்திலும் சட்டத்திலும் கூட்டு ஒப்பந்தத்திலுமே விடை காணவேண்டும்.

மின்சாரத்தின் கதையும் இதனையே உணர்த்துகின்றது. மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீரைக் கொண்டு மின்னாக்கலாம் எனப் பொறியியலாளர் விமலசுரேந்திர கனவு கண்டார். 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 2012 இல் தலவாக்கலையை அடுத்து மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் திறனுடன் இணைந்தது. தோட்டங்களினூடே பாயும் நீர் தலைநகருக்கு ஒளியாயிற்று. அந்நீரின் கரையிலிருந்த லயங்கள் பலவற்றுக்கோ பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே துணை. ஆற்றல் பிறக்கும் இடமும் அது சென்றடையும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. அப்பாதையை வகுப்பது மலையின் சரிவு மட்டுமன்று, மனிதரின் முடிவுமாகும்.

வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஈட்டிய செல்வத்துக்கு அவர் கூறிய அவ்வறத்தை, ஈட்டிய அறிவுக்கும் நாம் விரித்துரைக்கலாம். உலகின் கூர்த்த மதியினர் கற்பனை செய்யும் வண்டிகளில் ஒன்றேனும், விரும்பி ஏறுபவனை விட்டு, ஏறாமல் இருக்க இயலாதவளை எண்ணி வரையப்படுமாயின் அதுவே உண்மைப் புதுமை எனலாம். அதனை வரையும் கை மலையகத்திலிருந்தே எழுதல் வேண்டும். லயத்தில் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்திருக்கும் மாணவர் இன்று சிலரல்லர். தாயின் தலையிற் கிடந்த கயிற்றின் தழும்பை அளவாகக் கொண்டு வரையத் தெரிந்தவர் அவர்களே.