இயந்திரம் எதைச் சரியாகச் செய்தது?

அமெரிக்க மருத்துவமனைகளில், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு மென்பொருள் பரவலாகப் பயன்பட்டு வந்தது. அது தரும் அபாய மதிப்பெண் உயர்வாக இருந்தால் தனிச் செவிலியரும் கூடுதல் மருத்துவச் சந்திப்புகளும் கிடைக்கும். சியாத் ஓபர்மேயர் குழுவினர் 2019இல் 'சயின்ஸ்' இதழில் அதை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் ஒப்பிட்டபோது, கறுப்பினத்தவரின் நோய்தான் முற்றியிருந்தது. கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாவோரில் அவர்களுடைய பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இத்தனைக்கும் அந்த மென்பொருளுக்கு யாருடைய இனமும் தெரியாது. எதிர்வரும் மருத்துவச் செலவைக் கணிப்பதே அதற்கு இட்ட வேலை. அதை அது நன்றாகவே செய்தது. ஆனால் சிகிச்சையை எட்டுவதற்கே தடைகள் உள்ளவர்களுக்குச் செலவு குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைவை மென்பொருள் உடல்நலம் என்று எடுத்துக்கொண்டது.

துல்லியம் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் இது வெற்றி. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்கு அந்த அளவுகோல் பொருந்தும். அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டது நியாயம்தான். அங்கே கணிப்பைச் சோதனைக்கூடத்தில் சரிபார்க்கலாம். தேவை, நம்பகம், குற்றம் ஆகியவற்றை அப்படி நேரடியாக அளக்க முடியாது. அவற்றுக்குப் பதிலாகக் கைக்கு எட்டும் ஏதோ ஒரு தரவை வைக்கிறோம். எதை வைப்பது என்பது அறம் சார்ந்த முடிவு. அது பெரும்பாலும் பொறியியல் முடிவாகவே, விவாதமின்றி எடுக்கப்படுகிறது. எனவே தவறாகக் கணிக்கப்பட்டவர் அதை அறிந்து, எதிர்த்து, திருத்திக்கொள்ள முடிகிறதா என்பதையும் சேர்த்துத்தான் வெற்றியை அளக்க வேண்டும்.

மனிதர்களும் பாரபட்சம் உள்ளவர்கள்தானே என்ற மறுப்பு வலுவானது. ஒரு மருத்துவரின் மனத்தைத் திறந்து பார்க்க முடியாது. மென்பொருளின் மதிப்பெண்கள் பதிவில் இருந்ததால்தான் ஓபர்மேயர் குழு பிழையைக் கண்டது, தயாரித்த நிறுவனத்தோடு சேர்ந்து அதைக் குறைக்கவும் வழி காட்டியது. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்த வாதம் பதிவைத் திறந்து காட்டும் இடத்தில் மட்டுமே செல்லும்.

நெதர்லாந்தில் அது செல்லவில்லை. குழந்தைக் காப்பக உதவித்தொகை விண்ணப்பங்களைச் சலிக்க அந்நாட்டு வரித்துறை 2013 முதல் ஓர் அபாயக் கணிப்பு முறையைப் பயன்படுத்தியது. டச்சுக் குடியுரிமை இல்லாததும் அதில் ஒரு குறியாக இருந்தது. உதவித்தொகை விவகாரத்தில் பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டும்படி நெருக்கப்பட்டார்கள். இதன் பேரில் 2021 ஜனவரியில் பிரதமர் ருட்டெயின் அரசு பதவி விலகியது. இறுதி முடிவை மனிதர் எடுத்தால் போதும் என்பவர்கள் இங்கே நின்று பார்க்க வேண்டும். அந்த முறை சந்தேகித்த விண்ணப்பங்களை ஓர் அதிகாரி பார்க்கத்தான் செய்தார். ஆனால் மதிப்பெண் ஏன் உயர்ந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. காரணம் தெரியாத அதிகாரியால் மேசைக்கு அப்பால் நிற்கும் தாய்க்கு எதை விளக்க முடியும்? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டம், அரசு உதவிக்குத் தகுதி பார்க்கும் கருவிகளை உயர் அபாயப் பட்டியலில் வைத்து, மேற்பார்க்கும் மனிதருக்குக் கருவியின் முடிவைப் புரிந்துகொள்ளவும் தள்ளிவிடவும் வாய்ப்பிருக்க வேண்டும் என்கிறது. தள்ளிவிடும் அதிகாரிக்கு அதற்கான நேரத்தையும் மேலிடத்தின் ஆதரவையும் தருவது அந்தந்த அலுவலகத்தின் பொறுப்பு. கருவி வாங்கும்போது போடும் செலவுக் கணக்கிலேயே அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும்.