கோடுகளில் நிற்கும் வீடு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஓவியர் தா. சனாதனன், போரினால் இடம்பெயர்ந்த வடபகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். அவர்கள் கைப்பட வரைந்த படம், அதையே கட்டடக்கலைஞர் திருத்தமாக வரைந்த படம், அதிலிருந்து பிறந்த சனாதனனின் ஓவியம். இவை 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற கலைநூலாயின. ஒல்லாந்தர் காலப் பதிவேடான தோம்பு காணிக் கணக்கையும் குடிக் கணக்கையும் அறியும்; இந்தத் தோம்பு பிரிவையும் பதிகிறது. எனக்கு அந்தத் திருத்தமில்லாத கைக்கோடுகளே பெரிய கலை.

இத்தகைய கோடுகளைப் பிள்ளைகளும் உணரட்டும். ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு அவர்களைக் கூட்டிப்போனால், படத்துக்குப் படம் ஓடவிடாதீர்கள். ஒன்றின் முன்னால் ஆறுதலாக நிற்கவிடுங்கள். வீடு திரும்பியதும், தங்கள் வீட்டின் கிணற்றடி, விறாந்தை, அடுப்படி எல்லாவற்றையும் நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள்.