விளக்கில்லாத பாதையும் ஊர்ச்சங்கக் காசும்

வருடத்துக்கு இரண்டு தடவை, யூனிலும் டிசம்பரிலும், நாங்கள் வேலை செய்யும் றெஸ்ரோறண்டுக்கு ஒரே மாதிரியான ஓடர் வரும். வெள்ளை வைன், சீஸ் துண்டுகள், கையால் எடுத்துச் சாப்பிடக்கூடிய சின்னச் சின்னப் பலகாரங்கள். எல்லாம் ஊராட்சிப் பொதுக்கூட்டம் முடிந்து வருபவர்களுக்கு. குசினியிலிருந்து நாங்கள் மூன்று பேர் தட்டுகளை வானில் ஏற்றிக்கொண்டு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்துக்குப் போவோம். கூட்டம் இழுபட்டால் பின்சுவரோடு நின்று காத்திருப்போம். சுவிஸ் ஜனநாயகத்தை நாங்கள் படித்தது இப்படி நின்றுகொண்டுதான்.

ஊரின் பெயர் இங்கு அவசியமில்லை. பேர்ண் மாநிலத்தில் ஐயாயிரம் பேருக்குக் கிட்ட வாழும் ஒரு சிறு பட்டணம். கெமைண்டே என்று இவர்கள் சொல்லும் இத்தகைய ஊராட்சிகள் இந்நாட்டில் 2100க்கு மேல் உண்டு. பெரிய நகரங்களில் தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கும். சிறிய ஊர்களில் பெரும்பாலும் வாக்காளர் எல்லோரும் கூடுவதுதான் சபை. வரி வீதம், வரவுசெலவுத் திட்டம், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவுகள் யாவும் அங்கே கை உயர்த்தித் தீர்மானிக்கப்படுகின்றன. தண்ணீர்க் குழாய் மாற்றுவதா, பாடசாலைக் கூரையைத் திருத்துவதா, தீயணைப்பு வண்டி வாங்குவதா என்பதையெல்லாம் கடைக்காரரும் கமக்காரரும் இருந்து கதைக்கிறார்கள். ஒருமுறை ஒரு தச்சுத் தொழிலாளி எழுந்து, ஊராட்சித் தலைவர் வாசித்த கணக்கில் ஒரு வரி பிழை என்றார். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்துவிட்டு, ஓம், பிழைதான், மன்னிக்கவும் என்றார். எமக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் ஊரில் ஒரு தவிசாளரிடம் இப்படிக் கேட்டுவிட்டு வீடுபோய்ச் சேர முடியுமா என்று ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக்கொண்டோம். புகழவேண்டியதைப் புகழ்ந்துவிட்டுத்தான் மேலே செல்கிறோம்.

ஒரு டிசம்பர்க் கூட்டத்தில் இரண்டு செலவுகள் வாக்குக்கு வந்தன. ஒன்று, திறந்தவெளி நீச்சல் தடாகத்தைத் திருத்துவது. மற்றது, புகையிரத நிலையத்தின் பின்னால் தண்டவாளத்தோரமாகப் பழைய தொழிற்சாலைக் கட்டிடங்கள்வரை போகும் நடைபாதைக்கு விளக்குப் போடுவது. தடாகத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விவாதம் நடந்தது. சிறுவயதில் அதில் நீந்திப் பழகிய கதைகளைப் பலர் சொன்னார்கள். ஒரு பாட்டி கண்கலங்கினார். நிறைவேறியது. விளக்குக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு முதியவர் எழுந்தார். மிகவும் மரியாதையான மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் எமது சூப்பைப் புகழ்ந்து குசினிக்குச் சொல்லியனுப்புபவர். அவர் கேட்டார்: இரவு பதினொரு மணிக்குப் பிறகு அந்தப் பாதையால் யார் போகிறார்கள்? ஒருவரும் பதில் சொல்லவில்லை. கைகள் எண்ணப்பட்டன. விளக்குத் தோற்றது.

நாங்கள் போகிறோம். கடைசி வாடிக்கையாளர் எழும்பி, கோப்பை கழுவி, நிலம் தேய்த்து, குப்பை கட்டி வெளியே வர பதினொன்றரை தாண்டிவிடும். அந்தக் கட்டிடங்களுக்குப் பின்னாலுள்ள மாடிவீடுகளில்தான் நாங்களும் கொசோவோக்காரரும் எரித்திரியரும் முதியோர் இல்லத்தில் இரவுவேலை செய்யும் போர்த்துக்கேயப் பெண்களும் குடியிருக்கிறோம். எம்மோடு கோப்பை கழுவும் அக்கா அதற்கு முந்திய பெப்ரவரியில் அந்தப் பாதையில் உறைபனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்தவர். அன்றும் அவர் எங்களோடு வந்திருந்தார். முதியவரிடமிருந்து இருபது அடி தள்ளி, முறிந்து பொருந்திய அந்தக் கையில் வைன் கிளாசுகள் அடுக்கிய தட்டோடு நின்றார்.

நாங்கள் ஏன் பேசவில்லை? வாக்கில்லாதவர்கள் புறம்பாக இருந்து பார்க்கலாம், சபை விசேடமாக அனுமதித்தாலன்றிப் பேச முடியாது என்பது ஒரு காரணம். ஆனால் அனுமதி கேட்டிருக்கலாம். கேட்காததற்குக் காரணம் சட்டமல்ல, நன்றி. சாவிலிருந்து தப்பி வந்தவனுக்கு இடமும் வேலையும் தந்தவர்களிடம் இனி விளக்கும் கேட்பதா என்று எம்முள்ளேயே ஒரு குரல் கேட்கிறது. நன்றி நல்ல குணம்தான். அது ஒருவரின் வாயை எத்தனை வருடத்துக்குக் கட்டிவைக்கலாம் என்பதே எமது கேள்வி. வேலையில் எம்மிடம் எவரும் நன்றியைக் கூலியாக வாங்கவில்லை. நாங்கள்தான் அதைச் சம்பளத்திலிருந்து கழிப்பதுபோல் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதை எழுதும் கை யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் மெய்யியல் படித்து, 2008 இல் இடையில் விட்டுவந்த கை. அப்போது ரூசோவைப் படித்தோம். சமூக ஒப்பந்தம் 1762 இல் வெளிவந்ததும், அதே வருடம் அவரது சொந்த ஊரான ஜெனீவாவின் ஆட்சியாளர் அதை எரிக்கக் கட்டளையிட்டதும் விரிவுரையில் சொன்னார்கள். சொல்லாத ஒன்றை இங்கு வந்துதான் அறிந்தோம். பொதுவிருப்பைப் பற்றி எழுதிய அந்த மனிதர் நூலின் முகப்பில் 'ஜெனீவாவின் பிரஜை' என்று போட்டுக்கொண்டார். அந்த ஜெனீவாவில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் பிரஜைகள் அல்ல. வந்து குடியேறியவர்களுக்கு ஒரு பெயர், அவர்களுக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பெயர். இரு பகுதியாருக்கும் பொதுச்சபையில் இடமில்லை.

வரி கட்டுகிறோம், ஆகவே வாக்குத் தா என்று வாதாடுவது சுலபம். முதலாளி சம்பளத்தில் வரியைக் கழித்துத்தான் தருகிறார். அதில் ஊராட்சிக்கும் பங்குண்டு. நீச்சல் தடாகத்தின் ஓடுகளில் சில எம்முடையவை என்று பகிடியாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் இந்த வாதத்தை இறுக்கிப் பிடித்தால் அது எம்மையே கடிக்கும். கூட வரி கட்டுபவனுக்குக் கூடுதல் வாக்கா? வேலையிழந்தவனுக்கு இல்லையா? இலங்கையில் 1931 வரை வசதியும் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் வாக்கு என்று வைத்திருந்ததும் இதே நியாயத்தில்தான்.

இது எங்கள் பாட்டன் வெட்டிய வாய்க்கால் என்பது இவர்களுடைய நியாயம். இதைச் சிரித்துத் தள்ள எமக்குத் தகுதியில்லை, மண்ணைப் பற்றி நாமும் இதே மொழியில்தான் பேசினோம். ஆனால் இந்நாட்டுப் பெண்களின் பாட்டன்மாரும் அதே வாய்க்காலைத்தானே வெட்டினார்கள்? நாடளாவிய வாக்குரிமை அவர்களுக்கு 1971 இல்தான் கிடைத்தது. அப்பென்செல் இன்னர்றோடன் மாநிலத்துப் பெண்களுக்கு மாநில வாக்கு 1990 இல், அதுவும் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்ன பிறகு. மறுபுறம், நியூஷாத்தல் மாநிலம் வெளிநாட்டவருக்கு ஊராட்சி வாக்கை 1849 இலேயே கொடுத்துவிட்டது. பிறிபூர்க்கில் நிரந்தர வதிவிடம் பெற்று ஐந்து வருடம் மாநிலத்தில் வாழ்ந்தவருக்கு 2006 முதல் உண்டு. பேர்ணிலிருந்து புகையிரதத்தில் அரை மணித்தியாலமும் இல்லை. பேர்ணில் ஊராட்சிகள் விரும்பினால் கொடுக்கலாம் என்ற பிரேரணையைக்கூட 2010 இல் வாக்காளரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் மறுத்தார்கள். ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டியதும் நியாயம் மாறிவிடுமானால் அது பாட்டனில் தங்கியிருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

பாதையில் எவருடைய கால் சறுக்குகிறதோ அவரைக் கேட்காமல் அந்தப் பாதையைப் பற்றித் தீர்மானிக்கக்கூடாது என்ற பக்கம்தான் எமது மனம் சாய்கிறது. இதைப் பெரிய கண்டுபிடிப்புப்போல அன்றிரவு அதே பாதையில் நடந்தபடி பேசிக்கொண்டுவந்தோம். எம்மோடு சமைக்கும் அட்டன் பக்கத்து அண்ணர் வெகுநேரம் பேசாமல் வந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு இது புதுசு இல்ல தம்பி. எங்க லயத்துக்குப் போற ரோட்டும் இப்படித்தான். ஓட்டுக் கேட்டு வருவாங்க. ஜெயிச்ச பிறகு ரோடு கம்பெனிக்குச் சொந்தம், சபைக் காசைப் போட முடியாதுன்னு சொல்லிருவாங்க."

அவர் சொன்னது உண்மை. 1930களின் இறுதியில் கிராமக் குழுக்களுக்கான சட்டம் திருத்தப்பட்டபோதே தோட்டங்களில் வாழ்ந்தோர் வாக்கிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாம் அறிந்தது. ஆனால் பிரஜாவுரிமை திரும்பக் கிடைத்த பின்னும், 1987 இன் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட முட்டுக்கட்டையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல். தெருவும் கிணறும் விளக்கும் சம்பந்தப்பட்ட இந்த அநியாயத்தை யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் நாங்கள் ஒருநாளும் அறிந்ததில்லை. 1948 ஐ ஒரு வசனத்தில் பாடமாக்கினோம், பரீட்சையில் எழுதினோம், முடிந்தது. விளக்கு எமது பாதையில் இல்லாமற்போன பிறகுதான் அது எமக்குத் தத்துவப் பிரச்சினையாகிறது. அண்ணர் இதைக் குத்திக்காட்டவில்லை. அவர் கைத்தொலைபேசி வெளிச்சத்தை அக்காவின் காலடிக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எமக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த மாதம் ஊர்ச்சங்கக் கூட்டம் வந்தது. வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாடகை மண்டபம், பின்னேரம் தேநீர், வடை, கணக்கறிக்கை, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வருவது. கையில் ஒரு தொகை இருந்தது. கோயில் தேர்முட்டியைப் புதிதாகக் கட்டுவது ஒரு யோசனை. ஊரின் தென்கோடி ஒழுங்கையிலுள்ள பொதுக்கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, கட்டுத் திருத்துவது இன்னொன்று. தேர்முட்டி பற்றி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதை நடந்தது. சிறுவயதில் தேரிழுத்த ஞாபகங்களைச் சொன்னோம். கிணறு வந்தபோது ஒருவர் கேட்டார்: "அந்தக் கிணத்தில இப்ப ஆர் அள்ளினம்? எல்லாரிட்டையும் குழாய்க்கிணறு இருக்குத்தானே?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக்கூடியவர்கள் மண்டபத்தில் இல்லை. தென்கோடி ஒழுங்கைக்கு அப்பால் இருப்பவர்கள் யார் என்பது கூட்டத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும். ஏஜென்சிக்குக் கட்டக் காசில்லாதவர்கள், ஒரு காலத்தில் எமது கிணறுகளில் வாளி போட விடாமல் நாம் தடுத்தவர்கள். பொது இடங்களில் அப்படித் தடுப்பது குற்றமென்று 1957 இல் சட்டம் வந்தும், அவர்களுக்கென்று ஒரு கிணறு கட்டிக்கொடுத்து விடயத்தை முடித்துக்கொண்ட ஊர் எமது. அந்தக் கிணறுதான் இது. தேர்முட்டிக்குக் கைகள் உயர்ந்தன. எங்களுடைய கைகளும் உயர்ந்தன. உயர்த்திய பிறகுதான் உறைத்தது.

வாழ்கிற ஊரில் எமக்கு வாக்கில்லை. வாழாத ஊரில் வாக்கு இருக்கிறது, அதுவும் காசின் பலத்தில். சற்று முன்னர் எம்மைக் கடிக்கும் என்று தள்ளிவைத்த அதே வரி வாதத்தை ஊர்ச்சங்கத்தில் ஒரு முணுமுணுப்பும் இன்றி அனுபவிக்கிறோம். மாதச் சந்தா கட்டியவர் கை உயர்த்தலாம், தண்ணீர் அள்ளுகிறவர் உயர்த்த முடியாது. எமது உழைப்பு, எமது காசு, எங்கே போடுவதென்று நாம்தானே தீர்மானிக்கவேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தனிப்பட்ட தர்மமாயின் அது சரி. ஆனால் ஊரின் பெயரில் சேர்த்து, ஊரின் பெயர் பொறித்த கல் வைக்கப்படும் பணம் அது. கல்லில் ஊர் என்று எழுதும்போது தென்கோடி ஒழுங்கையும் அதற்குள் அடங்குமா இல்லையா?

சம்மர் தொடங்குமுன் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அதிகாரிகளுக்கு மனுக் கொடுக்கும் உரிமை இந்நாட்டு அரசியலமைப்பில் பிரஜைக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் உண்டு. அக்காவின் மகள் ஜெர்மன் மொழியைத் திருத்தித் தந்தாள். எமது குசினியும் போர்த்துக்கேயப் பெண்களுமாகப் பத்தொன்பது பேர் கையெழுத்திட்டோம். எத்தனை மணிக்கு எத்தனை பேர் அந்தப் பாதையால் போகிறோம் என்று கிழமை நாட்களுக்கும் சனி ஞாயிறுக்கும் வேறுவேறாக எழுதினோம். மனு கிடைத்தது, கவனத்துக்கு எடுக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்திருக்கிறது. சூப்புப் பிரியரான அந்த முதியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி வாசல்வரை வந்து, நீங்கள்தானா அது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்ச்சங்கத்துக்கும் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினோம். தீர்மானிக்க முன் கிணற்றடியில் ஒருதடவை கேட்டுவிட்டு வரச் சொல்லி. பொருளாளர் நல்ல மனிதர், தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டார். கேட்கலாம்தான் தம்பி, ஆரைக் கேட்கிறது, ஒரு பேரைச் சொல்லும் என்றார். நாங்கள் எங்களுக்குள் விசாரித்துப் பார்த்தோம். ஊரைவிட்டு வந்த எம் ஒருவருக்கும் அந்த ஒழுங்கையில் ஒரு ஆளின் முழுப்பெயர் தெரியவில்லை. கடிதம் அந்த இடத்தில் நிற்கிறது.