மூன்று கன்றும் ஒரு மரமும்

சில ஆண்டுகளுக்கு முன்பு பட்டர்வொர்த்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நிபோங் திபால் பக்கம் போனோம், பக்காவ் கன்று நட. ஒரு நிறுவனம் பஸ்ஸும் சட்டையும் மதியச் சாப்பாடும் ஏற்பாடு செய்திருந்தது. அவர்களின் அதிகாரி பிள்ளைகளிடம், "எங்க கட்டுமான இடத்துல ஒரு மரம் போனா, இங்க மூணு நடுறோம்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான்: "டீச்சர், அப்ப எவ்வளவு வேணும்னாலும் வெட்டலாமா?"

"கால பாத்து வைடா, சேறு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது அறக் கேள்வி. பதில் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

நாம் பக்காவ் என்பதைத் தமிழில் கண்டல் என்றும் அலையாத்தி என்றும் சொல்வார்கள். அலையை ஆற்றுவது அலையாத்தி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் நம்மில் பலர் இந்தக் காட்டைத் திரும்பிப் பார்த்தோம். ஆனால் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் 1997லேயே கன்று நடத் தொடங்கிவிட்டது. அவர்களை நட வைத்தது சுனாமி பயம் இல்லை. காடு குறையக் குறைய வலையில் மீனும் குறைந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அந்த வேர்களுக்குள்தான் ஒளிந்து வளர்கின்றன.

மீனவர் நட்டதும் கன்றுதான், நிறுவனம் நட்டதும் கன்றுதான். கையில் பிடித்தால் இரண்டும் ஒரே பச்சைக் குச்சி. பக்காவின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீண்டு, பிறகு சேற்றில் விழும். அப்படியிருக்க, ஒருவர் செய்தது நல்லதாகவும் மற்றவர் செய்தது உறுத்தலாகவும் ஏன் படுகிறது?

வெட்டுவதே பாவம் என்று சொல்லிவிடலாம். அது சரியான பதில் இல்லை. பேராக்கின் மாத்தாங்கில் ஏறக்குறைய 40,000 ஹெக்டர் சதுப்புக் காடு இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே பகுதி பகுதியாகப் பிரித்து, முப்பது ஆண்டு சுற்றில் மரத்தை வெட்டிக் கரி சுடுகிறார்கள். காடு இன்னும் நிற்கிறது. ஏனென்றால் அங்கே மரம் போகிறது, சேறு போவதில்லை. கடல் வழக்கம்போல் உள்ளே வந்து போகிறது. வெட்டிய இடத்திலேயே மறுபடி முளைக்கிறது.

கட்டுமானத்துக்காக மண் கொட்டி மேடாக்கும்போது போவது அந்த சேறு, அந்த நீரேற்றம், அதை நம்பிய ஒரு படகுத்துறை. அன்று நடச் சொல்லிக் கொடுத்த மலாய்க்கார பாக்சிக்கிடம் பையனின் கேள்வியைச் சொன்னேன். சிரித்தார். "அங்க இருந்த நண்டு பஸ் ஏறி இங்க வருமா, செகு?" என்றார். அங்கே வலை போட்டவரும் வர மாட்டார். மூன்று கன்றின் பயன் இந்தக் கரைக்கு, ஒரு மரத்தின் இழப்பு அந்தக் கரைக்கு. ஒருவருக்குப் பட்ட கடனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்கிறோம். எண்ணிக்கை சரியாக இருக்கலாம், நியாயம் சரியாகவில்லை.

போனதற்காக நடுவது ஒன்று. போக்கப் போவதற்காக முன்கூட்டியே நடுவது வேறொன்று. முன்னது கடன் அடைப்பது, பின்னது அனுமதிச்சீட்டு வாங்குவது.

இதை எழுதும்போது எனக்கும் கூச்சம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகச் செபராங் பிறையின் கடலோரச் சதுப்புகளை வடித்தார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களும் உண்டு. முடிவு எடுத்தது அவர்கள் இல்லை. மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. ஆகவே குற்றம் அவர்களுடையது அல்ல. ஆனால் அப்படி வடித்த நிலத்தின் மேல்தான் இன்று நம்மில் பலருடைய வீடும் பள்ளியும் கோயிலும் இருக்கின்றன. குற்றம் இல்லாமலும் கடன் இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். அந்த மீனவர்களும் தாங்கள் அழிக்காத காட்டைத்தானே நட்டார்கள்?

அந்தப் பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். பார்த்தால் சொல்ல வேண்டும்: "வெட்டலாமான்னு கேக்கறதுக்கு முன்னாடி, அந்த எடத்துல யார் யார் இருக்காங்கன்னு கேளுடா. நண்டையும் சேத்து எண்ணு. அவங்களுக்கு அங்கயே திருப்பிக் குடுக்க முடியும்னா பேசலாம். முடியாதுன்னா, மூணு இல்ல, முந்நூறு நட்டாலும் அது வேற கணக்கு."

அன்று நான் நட்ட கன்று இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை யாரும் சட்டை தர வேண்டாம்.